நான்கு எழுத்தும் ஒரு வருடமும்

கடைச் சுவரில் ஒரு முகவரி

ஆண்டிபட்டி கடைத்தெருவில் ஜெராக்ஸ் கடைக்குள் நுழைந்தால் சுவரில் ஒட்டிய ஒரு தாள் கண்ணில் படும். கடையின் மெயில் முகவரி, அதற்குக் கீழே வாட்ஸ்அப் எண். பிரிண்ட் எடுக்க வருகிறவர்கள் தங்கள் கோப்பை அங்கே அனுப்பிவிட்டுக் காத்திருப்பார்கள். சக்கம்பட்டியிலிருந்து நெசவுக் கடனுக்காக வந்தவர் ஒருவர். க.விலக்கு அரசு மருத்துவமனையில் அம்மாவைச் சேர்த்துவிட்டுக் காப்பீட்டுக்காக ஆதார் நகல் எடுக்க ஓடிவந்த பெண் ஒருவர். கோப்பைச் சொடுக்கியதும் கணினி பாஸ்வேர்டு கேட்கும். கடைக்காரத் தம்பி திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்பார்: "அக்கா, பேரு இங்கிலீஷ்ல முதல் நாலு எழுத்து சொல்லுங்க. பொறந்த வருஷம்?"

அக்கா சொல்வார். பக்கத்தில் நிற்பவர்கள் காதிலும் விழும். கோப்பு திறந்துகொள்ளும்.

ஆதார் ஆணையத்தின் தளத்திலிருந்து இறக்கும் எல்லா மின்-ஆதாருக்கும் பாஸ்வேர்டு இப்படித்தான் அமைகிறது. பெயரின் முதல் நான்கு ஆங்கிலப் பெரிய எழுத்து, பிறந்த ஆண்டின் நான்கு இலக்கம். மின்-பான் அட்டைக்குப் பிறந்த தேதி. வங்கிக் கணக்கு அறிக்கைக்கும் இதன் சாயலில் ஏதோ ஒன்று. அது எப்படி அமைந்தது என்ற விளக்கம் அதே மெயிலிலேயே எழுதியிருக்கும்.

காத்திருக்கும் யாருக்கும் இங்கே ஒரு கேள்வி எழும். சாவி இன்னதென்று ஊருக்கே தெரியுமென்றால், பூட்டு எதற்கு? அப்படியே நல்ல சாவி ஒன்று செய்தாலும் அதை எப்படி அனுப்புவது? கோப்பு போகிற வழியிலேயே சாவியும் போனால், கோப்பைத் திருடுகிறவன் சாவியையும் எடுத்துக்கொள்ள மாட்டானா? இரண்டாவது கேள்வி உலகின் ரகசியத் துறைகளை நெடுங்காலம் அலைக்கழித்த கேள்வி. ஜெராக்ஸ் கடையில் நிற்பவருக்கு அது தானாகவே தோன்றிவிடுகிறது.

மெயில் போகும் வழி

அனுப்பு என்று தொட்டதும் மெயில் நேராக எதிரே இருக்கும் கடைக் கணினிக்குப் போவதில்லை. அனுப்புகிறவரின் மெயில் நிறுவனம் வைத்திருக்கும் சர்வருக்கு முதலில் போகிறது. அந்த சர்வர், முகவரியில் 'அட்' குறிக்குப் பின்னால் வரும் பெயரைப் பார்க்கிறது. அந்தப் பெயருக்கு வரும் மெயிலை வாங்கிக்கொள்ளும் கணினி எது என்று இணையத்தின் பெயர்ப் பதிவேட்டில் விசாரிக்கிறது. விடை கிடைத்ததும் மெயிலை அங்கே ஒப்படைக்கிறது. பெறுகிறவர் அங்கிருந்துதான் எடுத்துப் படிக்கிறார். இரண்டு பேரும் ஒரே கடைக்குள் நின்றாலும், மெயில் தொலைதூர ஊர்களில் இருக்கும் சர்வர்களுக்குப் போய்த்தான் திரும்பி வருகிறது.

ஒப்படைக்கும் விதிகளை ஜான் போஸ்டல் 1982-இல் எழுதி வெளியிட்டார். அன்று வலையில் இருந்தவை பெரும்பாலும் பல்கலைக்கழகங்களும் ஆய்வுக்கூடங்களும்தான். அதனால் அந்த விதிகளில் ரகசியத்துக்கு இடமே வைக்கவில்லை. எழுதியது எழுதியபடியே கம்பியில் ஓடியது. நடுவில் கம்பியைத் தொட்டவர் படிக்கலாம். சர்வர்கள் தங்களுக்குள் மறையாக்கம் செய்துகொள்ளும் வழி 1999-இல்தான் விதியாகச் சேர்ந்தது. மறையாக்கம் என்பது, படிக்க முடிகிற ஒன்றைச் சாவி உள்ளவரைத் தவிர வேறு யாருக்கும் பொருள் விளங்காத குவியலாக மாற்றுவது. எதிர்முனை சர்வருக்கு மறையாக்கம் தெரியாவிட்டால் மெயில் பழையபடி திறந்த நிலையிலேயே போய்விடும். அப்படிப் போகும் என்றால் 2016 முதல் ஜிமெயில் ஒரு சிவப்புத் திறந்த பூட்டைக் காட்டி எச்சரிக்கிறது.

ஆகவே இன்று வழியில் ஓரளவு பாதுகாப்பு உண்டு. ஆனால் வழியில் மட்டும்தான். ஒவ்வொரு சர்வரிலும் மெயில் திறக்கப்பட்டு, அடுத்த கட்டத்துக்கு மறுபடி பூட்டப்படுகிறது. சர்வரை வைத்திருப்பவர் நினைத்தால் படிக்கலாம். ஜிமெயிலில் வரும் மடல்களை கூகுளின் கணினிகள் அலசி அதற்கேற்ற விளம்பரம் காட்டிவந்ததும், 2017-இல் அந்த வழக்கத்தைக் கைவிடுவதாக நிறுவனம் அறிவித்ததும் எல்லோரும் அறிந்த செய்தி. படிக்க முடிந்ததால்தான் விளம்பரம் காட்ட முடிந்தது. 2018-இல் வந்த ஜிமெயிலின் 'ரகசிய முறை'யும் இதை மாற்றவில்லை. பெறுகிறவர் மற்றவருக்கு அனுப்புவதையும் நகலெடுப்பதையும் அது தடுக்கிறது; கூகுளின் கண்ணிலிருந்து எதையும் மறைப்பதில்லை.

வாட்ஸ்அப் இந்த விஷயத்தில் ஒரு படி மேல். 2016 முதல் அதில் முனைக்கு முனை மறையாக்கம் இருக்கிறது. இடையிலுள்ள சர்வரால் செய்தியைப் படிக்க முடியாது. ஆனால் ஜெராக்ஸ் கடையில் அந்த மறுமுனை எது? கடைக் கணினியில் நாள் முழுக்கத் திறந்தே கிடக்கும் வாட்ஸ்அப் திரை. உங்கள் அம்மாவின் மருத்துவ அறிக்கை அந்த முனைவரை பத்திரமாகப் போய்ச்சேர்ந்து, அங்கே முந்நூறு பேருடைய கோப்புகளோடு விரிந்து கிடக்கும்.

இதனால்தான் அஞ்சல் வழியை மட்டும் நம்பாமல், கோப்பையே பூட்டி அனுப்பும் பழக்கம் வந்தது. அந்தப் பூட்டைப் பார்ப்போம்.

எத்தனை முயற்சியில் திறக்கும்?

பிடிஎஃப் கோப்பைப் பூட்ட இன்று பரவலாகப் பயன்படும் முறையின் பெயர் ஏஇஎஸ். யோவான் டேமன், வின்சென்ட் ரைமன் என்ற இரு பெல்ஜியர்கள் உருவாக்கியது. அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பு உலகம் முழுவதற்கும் திறந்த போட்டி வைத்து, வந்த முறைகளையெல்லாம் வெளிப்படையாக உடைத்துப் பார்க்கச் சொல்லி, கடைசியில் இதைத் தேர்ந்தெடுத்து 2001-இல் தரமாக அறிவித்தது. பூட்டின் அமைப்பு முழுக்க வெளியில் தெரியும். யாரும் படிக்கலாம். 1883-லேயே ஆகஸ்ட் கெர்க்காப்ஸ் இதைத்தான் வலியுறுத்தினார்: பூட்டு எப்படி வேலை செய்கிறது என்பது எதிரிக்குத் தெரிந்தாலும் பாதகமில்லை, சாவி மட்டும் தெரியக்கூடாது.

ஏஇஎஸ்ஸின் மிகச் சிறிய சாவிக்கே இருக்கக்கூடிய வகைகளின் எண்ணிக்கை 39 இலக்க எண். விநாடிக்குப் பத்தாயிரம் கோடி சாவிகளை முயலும் கணினி ஒன்றை ஓடவிட்டாலும், எல்லாவற்றையும் முயன்று முடிக்கப் பிரபஞ்சத்தின் வயதைப் போலப் பல நூறு கோடி மடங்கு காலம் வேண்டும். பூட்டில் குறையே இல்லை.

இப்போது சாவிக்கு வருவோம். ஆண்டிபட்டியில் முருகன் என்ற ஒருவரின் மின்-ஆதார் தவறான கையில் சிக்கியது என்று வைத்துக்கொள்வோம். பெயர்கூடத் தெரியாத ஒருவர் திறக்க முயல்கிறார். ஆங்கில எழுத்து 26. நான்கு இடத்தில் நிரப்ப 4,56,976 வழி. பிறந்த ஆண்டுக்கு நூறு வாய்ப்பு. பெருக்கினால் 4,56,97,600. நாலரைக் கோடி என்றதும் பெரிதாகத் தோன்றும். விநாடிக்குப் பத்தாயிரம் என்று குறைத்தே கணக்கிட்டாலும் சாதாரணக் கணினி ஒன்று ஒன்றேகால் மணி நேரத்தில் எல்லாவற்றையும் முயன்றுவிடும். பெயர் தெரிந்துவிட்டால் மிச்சம் நூறு முயற்சி; கையாலேயே தட்டிப் பார்க்கலாம். மெயிலை அனுப்பியவர் பெயர்தான் மெயிலின் தலைப்பிலேயே இருக்கிறதே.

நூறுகூட வேண்டாம். வாக்காளர் பட்டியலை எடுத்துப் பாருங்கள். ஆண்டிபட்டித் தொகுதியின் ஒவ்வொரு வாக்குச்சாவடிக்கும் பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், வயது எல்லாம் அச்சிட்டுத் தேர்தல் ஆணையமே வெளியிடுகிறது. மக்களாட்சிக்கு அது வேண்டியதுதான். வயது தெரிந்தால் பிறந்த ஆண்டு இரண்டில் ஒன்று. பெயரை ஆங்கிலத்தில் எழுதுவதில் இரண்டு மூன்று வகை இருக்கலாம். பெயருக்கு முன்னால் இனிஷியல் சேர்ந்தால், எழுத்தோடு புள்ளியும் நான்கில் ஒன்றாக எண்ணப்படும். தமிழர்கள் தங்கள் கோப்பையே திறக்க முடியாமல் கடையில் திண்டாடுவது பெரும்பாலும் இந்தப் புள்ளியால்தான். அதையும் சேர்த்தால்கூட இருபது முயற்சியைத் தாண்டாது.

முன்பு நிலைமை இன்னும் மோசம். அப்போது மின்-ஆதாரின் பாஸ்வேர்டு, முகவரியிலுள்ள அஞ்சல் குறியீட்டு எண். ஆண்டிபட்டிக்கு 625512. ஊரில் அத்தனை பேருடைய கோப்புக்கும் ஒரே சாவி, அதுவும் ஒவ்வொரு தபால் உறையிலும் எழுதப்படுகிற சாவி. நாடு முழுதும் சேர்த்தாலே சுமார் 19,000 அஞ்சல் குறியீடுகள்தான்.

39 இலக்க வாய்ப்புகளுள்ள பூட்டை இருபது முயற்சியில் திறக்கிற நிலைக்கு நாம்தான் கொண்டுவந்து வைத்திருக்கிறோம். இதற்குக் காரணம் அறியாமை என்று நான் நினைக்கவில்லை. கோடிக்கணக்கானோருக்குச் சாவி கொடுக்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் தனிச் சாவி கொடுத்தால் அதை எந்த வழியில் அனுப்புவது? அதனால் அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்த ஒன்றையே சாவியாக்கிவிட்டார்கள். அவர்களுக்குத் தெரிந்தது ஊருக்கும் தெரியும் என்பதுதான் கோளாறு.

இரண்டு சாவிகள்

ஒருவரையொருவர் முன்பே சந்திக்காமல், இடையில் எல்லோரும் ஒட்டுக்கேட்டுக்கொண்டிருக்கும்போதே, இருவர் ரகசியம் பேச முடியுமா? முடியாது என்றுதான் உலகம் நெடுங்காலம் நம்பியது. தூதரகங்களுக்குச் சாவிகளை ஆள் மூலம் பெட்டியில் கொண்டுபோனார்கள்.

1976-இல் அமெரிக்காவில் விட்ஃபீல்ட் டிஃபி, மார்ட்டின் ஹெல்மன் இருவரும் முடியும் என்று காட்டினார்கள். பூட்டுவதற்கு ஒரு சாவி, திறப்பதற்கு வேறொரு சாவி என்று பிரித்துவிட்டால் போதும். பூட்டும் சாவியை ஊரறியக் கொடுக்கலாம். அது பொதுச் சாவி. திறக்கும் சாவியை உரியவர் யாரிடமும் காட்டாமல் வைத்திருப்பார். அது தனிச் சாவி. பொதுச் சாவியால் பூட்டியவரே நினைத்தாலும் மறுபடி திறக்க முடியாது. சாவியை அனுப்பும் சிக்கல் அத்தோடு தீர்ந்தது. திறக்கும் சாவி உரியவரின் கையைவிட்டு எங்கும் போகவே தேவையில்லை.

எண்ணம் அவர்களுடையது. அதற்கு முழுமையான ஒரு கணக்குமுறையை 1977-இல் ரிவெஸ்ட், ஷமீர், அடில்மன் மூவரும் கண்டார்கள். மூவர் பெயரின் முதலெழுத்தால் ஆர்எஸ்ஏ என்று வழங்குகிறது. இதற்கு முன்பே, 1970-இல், பிரிட்டனின் ஒட்டுக்கேட்புத் துறையில் வேலை பார்த்த ஜேம்ஸ் எல்லிஸ் அதே எண்ணத்தை எட்டியிருந்தார். 1973-இல் அங்கே சேர்ந்த 22 வயது கிளிஃபோர்ட் காக்ஸ் அதற்குரிய கணக்கைப் போட்டுக் கொடுத்தார். அரசு ரகசியம் என்பதால் இருவரும் வாய் திறக்க முடியவில்லை. 1997 டிசம்பரில் பிரிட்டன் உண்மையை வெளியிட்டது. அதற்குச் சில வாரங்கள் முன்புதான் எல்லிஸ் காலமானார்.

33-ஐ வைத்து ஒரு கணக்கு

பூட்டுகிற சாவி திறக்காது என்பதைக் கேட்டால் நம்ப முடியாது. கையால் போட்டுப் பார்த்தால்தான் மனம் ஒப்பும். தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கம்பத்தில் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் மருமகன், விலை பேச வியாபாரியோடு உட்கார்ந்திருக்கிறார். எவ்வளவு இறங்கலாம் என்று ஆண்டிபட்டியிலுள்ள மாமாவிடம் கேட்க வேண்டும். மாமாவின் பதில்: கிலோவுக்கு 4 ரூபாய் வரை இறங்கலாம். வியாபாரி பக்கத்திலேயே இருக்கிறார். செல்போன் திரையை அவரும் பார்க்கிறார். 4 என்ற எண் அவருக்குத் தெரியக் கூடாது.

மருமகன் முன்பே இரண்டு பகா எண்களைத் தேர்ந்து வைத்திருக்கிறார். பகா எண் என்பது தன்னாலும் ஒன்றாலும் மட்டுமே வகுபடும் எண். அவர் எடுத்தவை 3, 11. பெருக்கினால் 33. இந்த 33-ஐயும், கூடவே 3 என்ற எண்ணையும் மாமாவுக்கு வெளிப்படையாக அனுப்புகிறார். வியாபாரியும் பார்க்கட்டும். பொதுச் சாவி இதுதான்.

மாமா தன் ரகசிய எண்ணான 4-ஐ மூன்று முறை எழுதிப் பெருக்குகிறார். 64. அதை 33-ஆல் வகுத்தால் மீதி 31. அந்த 31-ஐ அனுப்புகிறார். வியாபாரி 31-ஐப் பார்க்கிறார். கிலோவுக்கு 31 ரூபாய் இறங்கப் போகிறார்கள் என்று அவர் மகிழ்ந்தால் அது அவர் பாடு.

மருமகனின் தனிச் சாவி 7. அது எங்கிருந்து வந்தது? தன் இரண்டு பகா எண்களிலும் ஒன்றைக் கழித்தார்: 2, 10. பெருக்கினால் 20. பொதுச் சாவியின் 3-ஐ எந்த எண்ணால் பெருக்கி 20-ஆல் வகுத்தால் மீதி 1 வரும்? 7. மூவேழு 21 அல்லவா. இந்த 7 கிடைக்க 20 வேண்டும். 20 கிடைக்க 33-ஐ எந்த இரண்டு எண்கள் பெருக்கின என்று தெரிய வேண்டும்.

வந்த 31-ஐ மருமகன் ஏழு முறை எழுதிப் பெருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் 33-ஆல் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொண்டால் எண் பெரிதாகாது. 31-ஐ 31-ஆல் பெருக்கினால் 961, மீதி 4. அதை 31-ஆல் பெருக்கினால் 124, மீதி 25. அடுத்து 775, மீதி 16. அடுத்து 496, மீதி 1. அடுத்து 31. கடைசியாக மறுபடி 961, மீதி 4. மாமா சொன்ன 4 வந்துவிட்டது.

இந்தக் கணக்கு சரியாக வருவது தற்செயல் அல்ல. 33-க்குக் குறைந்த எந்த எண்ணை எடுத்தாலும் வரும். வேறோர் எண்ணைப் போட்டுப் பாருங்கள்.

வியாபாரி கெட்டிக்காரர் என்றால் 33-ஐப் பார்த்ததும் மூன்றும் பதினொன்றும் என்று கண்டுகொள்வார். அதனால் உண்மையில் பயன்படும் எண்கள் 617 இலக்கம் நீளமானவை. இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்குவது கணினிக்கு ஒரு நொடிகூட ஆகாத வேலை. பெருக்கி வந்ததை மட்டும் கொடுத்து, எவற்றைப் பெருக்கினாய் என்று கண்டுபிடிக்கச் சொன்னால் உலகின் எல்லாக் கணினிகளும் திணறுகின்றன. 1977-இல் ஆர்எஸ்ஏ மூவரும் 129 இலக்க எண் ஒன்றைச் சவாலாக வெளியிட்டார்கள். 1994-இல் சுமார் 600 தன்னார்வலர்களின் கணினிகள் சேர்ந்துதான் அதைப் பிரிக்க முடிந்தது. 2020-இல் 250 இலக்க எண் ஒன்று பிரிக்கப்பட்டது. ஒரே ஒரு கணினிக் கருவைக்கொண்டு செய்திருந்தால் சுமார் 2,700 ஆண்டுகள் ஆகியிருக்கும்.

இதில் இந்தியாவுக்குப் பெருமை தரும் ஓர் அத்தியாயம் உண்டு. ஓர் எண் பகா எண்ணா இல்லையா என்று எந்த எண்ணுக்கும் நிச்சயமாகவும் விரைவாகவும் சொல்லும் முறையை 2002-இல் கான்பூர் ஐஐடியின் மணீந்திர அகர்வால், மாணவர்கள் நீரஜ் கயல், நிதின் சக்சேனா மூவரும் கண்டுபிடித்தார்கள். இந்தப் பூட்டு உடைந்துவிட்டதோ என்று அன்று பலர் பயந்தார்கள். உடையவில்லை. பகா எண்ணை அடையாளம் காண்பது வேறு, பெருக்கிய எண்ணைப் பிரிப்பது வேறு. முன்னது எளிதாக இருப்பதால்தான் மருமகனுக்குச் சாவி செய்ய முடிகிறது. பின்னது கடினமாக இருப்பதால்தான் வியாபாரியால் முடியவில்லை. குவான்டம் கணினி பெரிதாக வளர்ந்தால் பின்னதும் எளிதாகிவிடும். அதை முன்னிட்டு, வேறு கணக்குகளில் அமைந்த புதிய தரங்களை அமெரிக்கா 2024-இல் வெளியிட்டுவிட்டது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். நம் வியாபாரி 33-ஐப் பிரிக்காமலேயே ரகசியத்தை அறிய ஒரு வழி இருக்கிறது. இறங்கும் தொகை ஒன்றிலிருந்து பத்து ரூபாய்க்குள்தான் இருக்கும் என்பது அவருக்குத் தெரியும். பொதுச் சாவி கையில் இருக்கிறது. 1, 2, 3, 4 என்று ஒவ்வொன்றாகத் தானே பூட்டிப் பார்த்து, எது 31 தருகிறது என்று கவனித்தால் போதும். மறுபடி அதே நோய்: ஊகிக்கக் கூடியது எதுவும் ரகசியமாக நிற்காது. இதைத் தடுக்க, பூட்டும் முன் ரகசியத்தோடு ஒரு தாறுமாறான பெரிய எண்ணைக் கலந்துவிடுகிறார்கள். நீளமான கோப்பாக இருந்தால், கணினி அந்த நேரத்துக்கென்று ஓர் ஊகிக்க முடியாத ஏஇஎஸ் சாவியை உருவாக்கி அதனால் கோப்பைப் பூட்டுகிறது. அந்தச் சாவியை மட்டும் பொதுச் சாவியால் பூட்டிக் கூடவே அனுப்புகிறது.

மஞ்சள் கேள்விக்குறி

மின்-ஆதாரைத் திரையில் திறந்தவர்கள் கீழே ஒரு மஞ்சள் கேள்விக்குறியைப் பார்த்திருப்பார்கள். ஆதார் போலியோ என்று சிலர் பதறுவதுண்டு. பதறத் தேவையில்லை. அது மின்னொப்பம்; மேலே போட்ட கணக்கைத் தலைகீழாக்கியது.

மருமகன் 4 என்ற எண்ணைத் தன் தனிச் சாவியான 7-ஆல் பூட்டினால் 16 வரும். அதை யார் வேண்டுமானாலும் பொதுச் சாவியின் 3-ஐக்கொண்டு திறக்கலாம்: 16-ஐ 16-ஆல் பெருக்கி மீதி 25, அதை 16-ஆல் பெருக்கி 400, மீதி 4. சரியாக 4 வந்தால், பூட்டியவரிடம் 7 இருந்திருக்க வேண்டும். அதாவது எழுதியவர் மருமகன்தான். கோப்பில் ஓர் எழுத்தை மாற்றினாலும் கணக்கு ஒத்துவராது.

மீதமிருப்பது ஒரு கேள்வி: 33 மருமகனுடையதுதான் என்று யார் சொன்னது? அதை உறுதி சொல்ல இந்தியாவில் சட்டப்படி சான்றளிக்கும் அமைப்புகளும், அவற்றுக்கு மேல் ஒரு கட்டுப்பாட்டு அதிகாரியும் இருக்கிறார்கள். 2000-ஆம் ஆண்டு அக்டோபர் 17 அன்று நடைமுறைக்கு வந்த தகவல் தொழில்நுட்பச் சட்டம் இந்த இரட்டைச் சாவி ஒப்பத்தைக் கையெழுத்துக்கு இணையாக ஏற்றது. கடைக் கணினியிலுள்ள மென்பொருளுக்கு அந்தச் சான்றளிப்பவரை அறிமுகப்படுத்தவில்லையென்றால் கேள்விக்குறி வரும். அறிமுகப்படுத்தினால் பச்சைக் குறி. தாளில் பிரிண்ட் எடுத்தபின் இரண்டுக்கும் வேறுபாடு இல்லை. தாளிலுள்ள பச்சைக் குறி வெறும் மை. தாளிலும் பிழைப்பது அந்தச் சதுரக் க்யூஆர் குறியீடு மட்டும்தான், ஏனென்றால் அதற்குள்ளும் ஆணையத்தின் மின்னொப்பம் இருக்கிறது.

கணக்குத் தணிக்கையாளர் அலுவலகத்தில் டிஎஸ்சி என்று சொல்லி யுஎஸ்பி துண்டு ஒன்றைச் செருகுகிறார்களே, அதற்குள் இருப்பது தனிச் சாவி. ஊராட்சிக் கணக்கில் பணம் விடுவிக்கவும் அதுதான். டிஃபியும் ஹெல்மனும் எண்ணியது தேனி மாவட்டத்தின் மேசை இழுப்பறைகளுக்குள் எப்போதோ வந்துவிட்டது. ஆக, ஒரே மின்-ஆதார் கோப்பில் உலகின் மிக வலுவான ஒப்பமும் இருபது முயற்சியில் திறக்கும் பாஸ்வேர்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன.

மெயிலுக்கு ஏன் வரவில்லை?

பொதுச் சாவியை மெயிலுக்குக் கொண்டுவந்தவர் ஃபில் சிம்மர்மன். 1991-இல் பிஜிபி என்ற மென்பொருளை எழுதி இலவசமாக விட்டார். வலுவான மறையாக்கத்தை ஆயுதமாகக் கருதிய அமெரிக்க அரசு, அதை ஏற்றுமதி செய்ததாக அவரை விசாரித்து, 1996-இல் வழக்கில்லாமலேயே கைவிட்டது. அரசு நிறுத்தவில்லை, ஆனால் அது மக்களிடமும் பரவவில்லை. ஏன் என்று 1999-இல் அல்மா விட்டன், டைகர் இருவரும் சோதித்தார்கள். மெயில் பழகிய 12 பேருக்கு 90 நிமிடம் கொடுத்து, பிஜிபியால் பூட்டிக் கையொப்பமிட்டு ஒரு செய்தி அனுப்பச் சொன்னார்கள். மூன்றில் ஒரு பங்கினர்தான் சரியாகச் செய்தார்கள். நான்கில் ஒரு பங்கினர் ரகசியத்தைப் பூட்டாமலேயே அனுப்பிவிட்டார்கள்.

இந்த முடிவை நான் மக்களின் குறையாகப் பார்க்கவில்லை. சாவிகளைத் தானே செய்து, பிறர் சாவியைச் சரிபார்த்து, தன் சாவியைத் தொலைக்காமல் காக்கச் சொல்வது வேலைக்கு நடுவே மெயில் அனுப்புகிறவர் மேல் பெரும் சுமை. வாட்ஸ்அப் அதே பொதுச் சாவி வேலையைப் பயனருக்குத் தெரியாமல் பின்னால் வைத்துச் செய்ததால்தான் ஊர் முழுக்கப் போனது. மெயிலில் இன்னொரு தடையும் உண்டு: பிஜிபியால் பூட்டினாலும் பொருள் வரி பெரும்பாலும் திறந்தே போகும். 'அம்மாவின் பயாப்ஸி முடிவு' என்று அங்கே எழுதிவிட்டு உள்ளே மட்டும் பூட்டினால் பாதி ரகசியம் போய்விட்டது.

இப்போதைக்குச் செய்யக்கூடியது

ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம் 2022 மே மாதம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. ஆதார் நகலைக் கண்டவரிடம் கொடுக்காதீர்கள், முதல் எட்டு இலக்கம் மறைத்த ஆதாரைக் கொடுங்கள், இணைய மையத்துக் கணினியில் இறக்கினால் நகல்களை நிரந்தரமாக அழித்துவிடுங்கள் என்றது. தவறாகப் புரிந்துகொள்ள இடமிருக்கிறது என்று இரண்டு நாளில் அதைத் திரும்பப் பெற்றார்கள். திரும்பப் பெற்றிருக்கவே வேண்டாம் என்பது என் கருத்து. அதில் இருந்த மூன்று யோசனையும் நல்ல யோசனை. மறைத்த ஆதாரை ஆணையத்தின் தளத்திலேயே தேர்ந்து இறக்கலாம். முழு எண் சட்டப்படி தேவைப்படாத இடங்களில் அதுவே போதும்.

சொத்துப் பத்திரம், மருத்துவ அறிக்கை, சம்பளச் சான்று போன்றவற்றை மெயிலில் அனுப்பித்தான் ஆக வேண்டும் என்றால், 7-ஜிப் போன்ற இலவச மென்பொருளில் ஏஇஎஸ்-256 என்று தேர்ந்து நீங்களே பூட்டுங்கள். கோப்பின் பெயரையும் மறைக்கும் வசதியை அதில் தேர்வு செய்யுங்கள். பாஸ்வேர்டு உங்கள் வாழ்க்கையிலிருந்து வரக் கூடாது. பெயர், தேதி, வண்டி எண் வேண்டாம். வைகை அணையும் 1959-உம் வேண்டாம். இந்தப் பக்கத்து ஆள் என்று தெரிந்தவர் முதலில் முயலப் போவது அதைத்தான். ஒன்றோடொன்று தொடர்பில்லாத ஐந்தாறு சொற்களைப் புத்தகத்தைக் கண்ட பக்கத்தில் புரட்டி எடுத்துச் சேருங்கள். கண்மூடித்தனமாக எடுத்த 16 ஆங்கில எழுத்துக்கே, விநாடிக்கு நூறு கோடி முயற்சி செய்யும் இயந்திரத்துக்கும் 13 லட்சம் ஆண்டுக்கு மேல் வேலை இருக்கிறது.

ஆணையத்துக்கும் வங்கிகளுக்கும் ஒரு வேண்டுகோள். கோப்பை இறக்கும்போது பாஸ்வேர்டை மக்களே அமைத்துக்கொள்ள ஒரு கட்டம் வையுங்கள். அந்த நொடியில் ஓடிபி வாங்கி ஆள் இன்னார் என்று உறுதிசெய்துகொண்டுதானே கோப்பைத் தருகிறீர்கள். கூடவே ஒரு பாஸ்வேர்டையும் கேட்டு வாங்குவதில் தொழில்நுட்பச் சிக்கல் ஏதுமில்லை. கடைக்காரர்களே, இரவு கடை சாத்தும்போது டவுன்லோட் கோப்புறையையும் குப்பைத் தொட்டியையும் காலி செய்யுங்கள்.

கோப்பை மெயிலில் அனுப்புகிற நீங்கள், பாஸ்வேர்டை அதே மெயிலில் எழுதாதீர்கள். அடுத்த மெயிலிலும் எழுதாதீர்கள். உரியவருக்குப் போன் போட்டு, குரலை அடையாளம் கண்டபின், வாயால் சொல்லுங்கள்.